சூடான மணலில் நம் பங்கு

வுனுகா, கிழக்குக் கரை
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு

அன்பு மகள் ஜெமைமாவுக்கு அம்மா எழுதுவது.

இந்தத் தீவில் நலம் என்று எதைச் சொல்வார்களோ அந்த அளவுக்கு நான் நலமாக இருக்கிறேன். கை கால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன, தலைமுடியில் மணல் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதன் காரணம் பின்னால் வருகிறது. நீ அங்கே ஆஸ்திரேலியாவில் குளிரோடும் தக்காளித் தோட்டத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருமல் இருந்தால் மறைக்காமல் எழுது. உன் கடிதத்தைப் பாதிரியாரின் மனைவி ஹோனியாராவிலிருந்து வந்த படகில் கொண்டுவந்து கொடுத்தாள். உறை ஒட்டியபடிதான் இருந்தது, ஆனால் ஓரம் நனைந்து காய்ந்திருந்தது, கடல் தண்ணீர் பட்டதா, யாராவது ஆவி காட்டிப் பிரித்துப் பார்த்தார்களா, தெரியாது. நம் ஊரில் ஆவிக்கா பஞ்சம், தரையில் எங்கே குச்சியைக் குத்தினாலும் வருகிறது. பிரித்துப் படித்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் என் விசாரிப்புகள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருடம் ஆகும், ஆனால் அடுத்த முட்டைக் காலத்துக்குள் நான் வந்து மணலில் இறங்காவிட்டால் மணற்கோழி முட்டைத் திடலில் நம் பங்கு செத்துவிடும், அதனால் படிப்பு வேண்டாமென்று சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் மறுபடி போய்க் கேள், வெட்கப்படாதே. சொல்லியிராவிட்டால் வாயை மூடிக்கொண்டு இந்தக் கடிதத்தை முடிவுவரை படி.

மலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மலைக்கு என்ன, உன் பிலமோன் மாமா மாதிரிதான், காலையில் புகை, மத்தியானம் புகை, எப்போதாவது வயிற்றுக்குள் ஓர் உறுமல், அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஹோனியாராவிலிருந்து சிலர் வந்து உச்சிக்குக் கீழே ஒரு பெட்டியைப் புதைத்து வைத்துவிட்டுப் போனார்கள், மலை வெடிக்கப் போவதை அது முன்னாலேயே சொல்லுமாம். அவர்கள் படகு ஏறிய கையோடு வடக்கு ஊர் இளவட்டங்கள் மேலே போய் அதன் பேட்டரியைக் கழற்றிவந்து பாட்டுப் பெட்டிக்கு மாட்டிவிட்டார்கள். இனி மலை வெடித்தால் நமக்குத் தெரியாது, ஆனால் ஆடிக்கொண்டே சாகலாம். உபதேசியார் பீடத்தில் நின்று இதைக் கண்டித்துப் பேசினார், பேசிவிட்டுப் போய் அதே பேட்டரியில் தன் போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட ஜனங்கள். தீவை முழுதாகச் சுற்றிவர ஒரு பகல் போதும், இருந்தாலும் மலையிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஓடையும் ஒரு தேசத்து எல்லை, ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மனிதர்களே அல்ல. நம்மைச் சோம்பேறிகள் என்று மேற்குக் கரை சொல்லும், அவர்களைத் திருடர்கள் என்று நாம் சொல்வோம், வடக்கைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோம். இத்தனைக்கும் பாதி ஓடைகளில் ஓடுவது கந்தகம் நாறும் வெந்நீர், வாயில் வைக்க முடியாது, அதற்குத்தான் இவ்வளவு வெட்டுக்குத்து. பள்ளிக்கூடம் மூடியபோது நான் அலமாரியோடு தூக்கிவந்த புத்தகங்களில் தீவுகளைப் பற்றி நிறைய வரும், அதில் வருகிற தீவுக்காரர்கள் ஒன்று அரக்கர்களாக இருப்பார்கள் அல்லது குழந்தைகளாக இருப்பார்கள், எழுதியவர்கள் எல்லாரும் கப்பலில் வந்து கப்பலில் திரும்பிப் போனவர்கள். இங்கேயே கிடந்து, அரக்கத்தனத்துக்கும் சோம்பல், குழந்தைத்தனத்துக்கும் வயதில்லை என்று ஆகிப்போனவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. போன மாதம்கூட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து வெந்நீர் ஊற்றில் முட்டை வேகவைத்துத் தின்றுவிட்டு, நீங்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். தலையாட்டினேன். அவர்களுடைய படகு ஒரு மணி நேரத்தில் கிளம்ப இருந்தது.

நான் ஏன் போன் பாறைக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். உனக்கே தெரியும், முனையில் இருக்கிற அந்த ஒற்றைப் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே ஊரே வரிசையில் நிற்கிறது, காற்றுச் சத்தத்தில் ஒவ்வொருவரும் கத்துகிறார்கள். யார் புருஷன் எங்கே ஓடினான், யாருக்கு எந்த இடத்தில் கட்டி, எல்லாம் அந்தப் பாறையில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். உன் அப்பா நோரோவில் மீன் கப்பலுக்குப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட செய்தி அந்தப் பாறையில்தான் முதலில் வந்தது, எனக்கு முன்னால் நாற்பது பேருக்குத் தெரியும். அன்றோடு அந்தப் பக்கம் கால் வைப்பதை விட்டேன். உன் குரலைக் கேட்க ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. என் மகளோடு நான் பேசுவதை வாயில் பாக்கைக் குதப்பிக்கொண்டு நாலு பேர் கேட்டு ரசிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்தப் பிடிவாதத்தால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

சென்ற மழையில் பெரிய ஓடை வழியாக மலைச்சேறு இறங்கி மேற்குக் கரையின் முட்டைத் திடல் முழுவதையும் மூடிவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா. சேறு காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிட்டது. மணற்கோழிகள் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஓடை தாண்டி நம் திடலுக்கு வந்துவிட்டன. (உன் தோழிகளிடம் இந்தக் கோழியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய், அடைகாக்காத கோழியா, மலைச் சூட்டில் குஞ்சு பொரிக்கிற முட்டையா என்று. சிரிக்கட்டும், அவர்கள் ஊர்க் கோழி மின்சார விளக்கடியில் பொரிக்கிறது, அதற்கு நாம் சிரித்தோமா.) கோழிக்கு ஓடை தாண்டத் தெரிகிறது, மனிதருக்கு உரிமை தாண்டாது. உன் மாமி டோரிஸ் மேற்குக்கரைக்காரி, திடலில் பங்கு தாய் வழியாகத்தான் வரும், ஆகவே அவளுக்கும் அவள் மகள் லினெட்டுக்கும் இருந்த மணல் சேற்றோடு போய்விட்டது. அப்பா வழியில் லினெட்டுக்கு நம் திடலில் ஒரு பிடிகூடக் கிடையாது. ஒரே ஒரு வழிதான் உண்டு, அதைத்தான் உன் மாமா பிடித்துக்கொண்டார். பங்கு மாற்றும் விருந்து. ஊரைக் கூட்டிப் பன்றி வெட்டி, முட்டை போட்ட மரவள்ளிக் களியை இலையில் வைத்துப் பங்குக்காரி முன்னால் நீட்டுவது, அவள் எல்லார் கண்முன்னாலும் ஒரு வாய் விழுங்கிவிட்டால் பங்கு கைமாறிவிட்டது. நம் பங்கு உன் பெயரில் குச்சி நட்டது, நான் தோண்டுவது வெறும் காவல், ஆனால் நீ இல்லாத இடத்தில் அந்தக் குச்சியை நட்ட கை என்னுடையது என்பதால் நானே உண்ணலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குப் பன்றிக்கறி கிடைப்பதாக இருந்தால் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

உன் மாமா நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தார். "நெஸ்டா, ஒரு வாய்தான் கேக்கறேன். ஒரு வாய் களி. அதுக்கு ரெண்டு பன்னி வெட்டறேன். இந்தத் தீவுலயே விலை கூடுன வாய் உன்னோடதுதான்" என்றார். அண்ணா, உன் பன்னி ரெண்டையும் பார்த்தேன், ரெண்டும் உன் வாக்கு மாதிரி, உள்ளே ஒண்ணும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். லினெட் தனியாக ஒருநாள் வந்தாள், அவளுக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, "அத்தை, பங்கு கிங்கு எல்லாம் வேணாம், நீங்க தோண்டறப்ப நான் வந்து கணுக்காலப் பிடிச்சுக்கறேனே, சும்மா" என்றாள். சும்மா பிடிக்கிற கை நாளைக்கு எதைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், போ என்றேன். டோரிஸ் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிச்சல். நீ போனதிலிருந்து விடியற்காலையில் நான் திடலுக்குப் போனால் அவளும் வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள், பாக்கு மெல்லுவாள், துப்புவாள், என் பங்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய திடல் சேற்றில் போவதற்கு முன்பே அப்படித்தான். எத்தனை குழி, எத்தனை முட்டை என்று அளவெடுக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பூனை மீன் கூடையைப் பார்ப்பதுபோல என்று அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தனியாகத் தோண்டாதே என்று நீ படகு ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை ஜெமி, நீ என்னவோ நான் கோல் ஊன்றி நடக்கிறவள் மாதிரி பேசினாய். கணுக்காலைப் பிடிக்க ஆள் இல்லாமல் குழியில் தலை கொடுக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் தெரியாதா, நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் யாரைக் கூப்பிடுவது சொல். பக்கத்துப் பங்கு ஈசாயைக் கூப்பிட்டால் பாதி முட்டை கேட்பான், மீதிப் பாதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். தாய்மார் சங்கத்துக்காரிகளைக் கூப்பிட்டால் என் உள்ளங்காலில் என்ன வெடிப்பு என்று மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் தெரியும். ஆகவே தனியாகத்தான் தோண்டினேன். போன மாதம் ஒரு நாள், முந்தின இரவு பெய்த மழையில் மேல்மணல் கனத்துக் கிடந்தது, பறவைகள் எழுந்து மரத்துக்குப் போனதும் இறங்கினேன். கோழி ஆழமாகப் புதைத்திருந்தது, கையை விட்டேன், தோளை விட்டேன், தலையையும் விட்டேன், விரல் நுனியில் முட்டையின் சூடு தட்டுப்பட்டது. அப்போது பின்பக்கம் பலகை சாய்கிற மாதிரி ஓர் அசைவு, அவ்வளவுதான், இடுப்புவரை மணல். சத்தமே இல்லை. மணலுக்குள் எவ்வளவு சூடு என்று நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கைக்குத்தான் தெரியும், முகத்துக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கடவுளை நினைத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், உண்மையில் நினைத்தது, இந்த முட்டாள் ஜனங்களுக்கு என் கால் ரெண்டும் வானத்தைப் பார்த்து நிற்பது எவ்வளவு நாளைக்குப் பேச்சாக இருக்கும் என்பதைத்தான்.

பிறகு யாரோ என் கணுக்கால் இரண்டையும் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்றால், உடைந்தாலும் பரவாயில்லை என்கிற பிடி. வெளியே வந்து விழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால் டோரிஸ். வாயில் பாக்கு அப்படியே இருந்தது, உதடெல்லாம் சிவப்பு, முகம் மட்டும் வெளுத்திருந்தது. திடலில் குரல் உயர்த்தினால் பறவை மறுநாள் இறங்காது என்பதால் அவள் திட்டியது எல்லாம் கிசுகிசுப்பில். அப்படி ஒரு திட்டை அப்படி ஒரு மெல்லிய குரலில் நான் கேட்டதே இல்லை. "மூளைய எங்க வெச்சுட்டு வந்த? சத்தம் போடாம சாகத் தெரிஞ்ச ஒரே பொம்பள இந்தத் தீவுல நீதான்" என்றாள். அண்ணி, கையை எடுங்க, அது என் கால் என்றேன், நானும் கிசுகிசுப்பில்தான், வாயெல்லாம் மணல். "கால மட்டும் கேக்கற, உசுரு வேணாமா? அதையும் நானே வெச்சுக்கவா?" என்றாள். உங்களை யார் இங்கே உட்காரச் சொன்னது என்றேன். "யார் சொன்னதா? உன் மவ சொன்னா. பாறையில நின்னு நான் போன் பேசறப்ப, எங்கம்மா யாரையும் கிட்ட சேக்க மாட்டாங்க மாமி, நீங்க சும்மா ஓரமா உக்காந்திருங்க, பேச்சுக் கொடுக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா மட்டும் கால இழுங்கன்னு அழுதா. ரெண்டு முட்டைக் காலமா உக்காந்திருக்கேன், உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு, ஒரு நாளாவது விழுந்து தொலைய மாட்டியான்னு இருந்துச்சு" என்றாள். ஈசாய் அவனுடைய குழியிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்து உஷ் என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பாறையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பாறைக்குப் போகாத எனக்கு மட்டும் தெரியவில்லை.

உன் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் காகிதம் போதாது. என்னைக் கேட்காமல், அதுவும் அவளிடம் போய், அதுவும் கத்தி, அதுவும் அழுது. பல நாள் உனக்குக் கடிதமே எழுதவில்லை, கவனித்திருப்பாய். கோபத்துக்கு நடுவில் இன்னொன்றும் புரிந்தது, குழியிலிருந்து இழுத்தவர் கையால் கொடுப்பதை இழுக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது, சாகும்வரை கூடாது, உனக்கே தெரியும். மீனோ கிழங்கோ நஞ்சோ, அவள் கையால் நீட்டினால் வாங்கித்தான் ஆகவேண்டும். உன் மாமாவுக்கு இது என்னைவிட ஒரு நிமிடம் முன்னாலேயே புரிந்துவிட்டது. அன்று மாலையே பன்றிக்கு வாழைத்தண்டு அதிகமாகப் போட ஆரம்பித்துவிட்டார். ஊரில் பார்க்கிற இடத்தில் எல்லாம், "தங்கச்சிய மணல் முழுங்கப் பார்த்துச்சு, இப்ப தங்கச்சி களி முழுங்கப் போறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு நகைச்சுவை கிடைத்தால் இந்த ஊர் அதை எலும்பு தெரியும்வரை விடாது. கோயில் வாசலில் சிறுபிள்ளைகள்கூட என்னைப் பார்த்து வாயை அசைபோட்டுக் காட்டினார்கள்.

விருந்து நடந்து நேற்றுச் சனிக்கிழமையோடு ஒரு வாரம் ஆகிறது. வடக்கு ஊர்க்காரர்கள் அழைக்காமலே வந்தார்கள், நம் பேட்டரியோடு, அதாவது மலையின் பேட்டரியோடு, பாட்டும் போட்டார்கள். மேற்குக் கரையிலிருந்து டோரிஸின் ஆட்கள் சிப்பி மாலைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடை தாண்டி வந்து தனியாக உட்கார்ந்தார்கள், நம்மவர்கள் தனியாக உட்கார்ந்தார்கள், நடுவில் கறி இருந்ததால் சண்டை வரவில்லை. உன் மாமா நம் அம்மாவிலிருந்து ஆரம்பித்து அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று திடலில் இறங்கிய பெண்கள் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசினார், அதில் இரண்டு பெயர் தப்பு. நான் பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். டோரிஸ் கற்சூளையைத் திறந்து களியை எடுத்தாள், இலையில் வைத்தாள், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பாட்டை நிறுத்திவிட்டார்கள். என் முன்னால் வந்து நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைக் கீழே வைத்தாள். பாயின் மேல், எனக்கு ஒரு முழம் தள்ளி. வைத்துவிட்டு நிமிர்ந்துவிட்டாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தரையில் வைத்த உணவை மறுக்க எந்தத் தடையும் கிடையாது, யார் வைத்திருந்தாலும் சரி, அது எல்லாருக்கும் தெரியும். உன் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "கையில குடுடி, கையில" என்றார். "இலை சுடுது" என்றாள் டோரிஸ். "இவ்வளவு நேரம் தூக்கிட்டு வந்தியே!" என்றார். "அதான் சுட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் வந்த நாயை விரட்டப் போய்விட்டாள். நாய் எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

நீ என்னைப் பற்றி நினைப்பது எனக்குத் தெரியும், அம்மா இதை எட்டி உதைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள் என்று. போயிருக்கலாம். அதற்கான வழியைத்தான் அவள் திறந்து வைத்திருந்தாள், அவள் மகள் அந்தப் பக்கம் தூணைக் கட்டிக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தபோது. இந்தத் தீவில் ஒருத்தி என்னை மதிப்பாள், அதுவும் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரி, என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் நினைவுக்கு வந்தது, படிப்பு வேண்டாமென்று சொல்லப் போகிறேன் என்று நீ எழுதியிருந்த வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் ஜெமி, வேறு பெயர் வைக்க முடியாது. மகள் வருகிறாள், மணல் அவளை இழுத்துக்கொண்டு வருகிறது, ஊர் பார்க்கட்டும் என்று இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சந்தோஷம் உன் மாமாவின் சிரிப்பு மாதிரியே இருந்தது. அவர் பன்றியை வைத்துக் கணக்குப் போட்டார், நான் மணலை வைத்துப் போட்டேன். ஒரு குழியில் தலை கொடுக்க மூன்று வருடப் படிப்பை விட்டுவிட்டு நீ வரவேண்டும், வந்து நீ தோண்டு, நான் காலைப் பிடிக்கிறேன், பிறகு உன் மகள் தோண்டட்டும், நீ பிடி. நம்மவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான், அவர்கள் செய்வதையே என் மகளுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

கையை நீட்டி இலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரு வாய் அல்ல, முழுவதையும் தின்றேன், இலையை மடித்து வைத்தேன். உப்பு போடவில்லை. இவ்வளவு பெரிய விருந்தில் களிக்கு உப்பு போட மறந்த ஜனம் வேறு எங்கேயாவது உண்டா. உன்னைக் கேட்காமல் உன் பங்கைக் கொடுத்துவிட்டேன். நீ என்னைக் கேட்காமல் டோரிஸிடம் பேசினாய், நான் உன்னைக் கேட்காமல் டோரிஸ் மகளுக்குக் கொடுத்தேன், இரண்டும் சரியாகிவிட்டது, இதைப் பற்றி நீ கோபித்துக்கொண்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். இது நன்றி என்றும் நினைத்துக்கொள்ளாதே, நன்றிக்காக மணலைக் கொடுக்கிறவள் அல்ல நான். திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்காமல் மறுநாளே நான் போய் உன் பெயரில் நட்டிருந்த குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பின்கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறேன், அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்துகிறது.

லினெட் இறங்கிய முதல் நாள் காலையில் அவளுக்குக் கணுக்காலைப் பிடிக்க டோரிஸ் வந்து நின்றாள். இடுப்பு வலிக்கிறதென்று அன்று திடல் முழுக்க கிசுகிசுத்தீர்களே, போய் மரத்தடியில் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டு நான் பிடித்தேன். அந்தப் பெண்ணுக்குத் தோண்டவே தெரியவில்லை, நாய் எலும்பைத் தேடுவதுபோல மணலை என் கண்ணிலேயே வாரி அடிக்கிறாள். குழிக்குள் தலை போன பிறகும் பேச்சு நிற்பதில்லை, மணலுக்குள்ளிருந்து, அத்தை இருக்கீங்களா, அத்தை பிடிச்சிருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிடித்திருக்கிறேன், முட்டையைப் பார் என்கிறேன். கணுக்கால் உன்னுடையதைவிடத் தடிமன், விரல் வளைந்து சேருவதில்லை. மூன்று முட்டை எடுத்தாள், ஒன்றை வெளியே கொண்டுவரும்போதே உடைத்துவிட்டாள். டோரிஸ் மரத்தடியில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது என் பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும் இரண்டு பாக்கும் வைத்துவிட்டுப் போனாள். கையில் கொடுக்கவில்லை, வைத்துவிட்டுத்தான் போனாள். பாக்கு பிஞ்சு. துவர்ப்பு.

ஆகவே மகளே, இங்கே உனக்கு ஒன்றும் இல்லை. உன் பெயரில் ஒரு குச்சிகூட இல்லை, தாழ்ப்பாளைத் தவிர. படிப்பைப் படி. அங்கே இருக்கும் கிழவர் கிழவிகளும் நம்மவர்களைப் போலவே பிடிவாதக்காரர்களாகத்தான் இருப்பார்கள், கிட்டே சேர்க்க மாட்டார்கள், திட்டுவார்கள், ஓரமாக உட்கார்ந்துகொள், உனக்கு அது வரும், அடுத்தவரை உட்கார வைக்கத் தெரிந்தவள் நீ. இங்கே வர வேண்டுமென்று கட்டாயம் எதுவும் இல்லாதபோது ஒருநாள் வர வேண்டுமென்று தோன்றினால் வா, அது என்னைப் பார்க்கத்தான் என்று அப்போது நிச்சயமாகத் தெரியும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைக்கு வேலையும் வயிற்றுக்குச் சோறும் மனதுக்குக் கொஞ்சம் கொழுப்பும் குறையாமல் தருவாராக. அந்தக் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். உப்பு மீன் காய்ந்ததும் அனுப்புகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டோரிஸின் போனுக்குக் கூப்பிடு. அவளோடு பாறையில் நான் நிற்பேன். காற்று அதிகம், கொஞ்சம் உரக்கப் பேசு, நானும் உரக்கத்தான் பேசுவேன்.

உன் அம்மா,
நெஸ்டா